எத்திராஜின் கட்டைவிரல்

வெள்ளைக்காரன் காலத்தில், புதிதாக வித்தை காட்டக் கிளம்பிய எத்திராஜ், நூம்பலிலிருந்து கரையான்சாவடிக்குக் கால் கெஞ்சக் கெஞ்ச நடந்து வந்தான். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ரப்பர்க் கட்டைவிரல்தான் அவன் மூலதனம். அதைத் தன் விரல்மேல் மாட்டிக்கொண்டு, அதற்குள் சிவப்புப் பட்டுத்துணியை ஒளித்துவிட்டு, துணி மாயமாய்ப் போச்சு என்பான்.

ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் அண்டாவுக்கு மேலே சட்டியை நீட்டினான். கழற்ற மறந்திருந்த ரப்பர் விரல் வியர்வையில் வழுக்கிக் கூழுக்குள் விழுந்தது.

கூழ் வார்த்த கெங்கம்மாள் அதை அகப்பையில் தூக்கி அலறினாள். "அய்யோ, கட்டவெரலு! சதை தொங்கிகினு கீது பாரு!"

தொங்கியது பட்டுத்துணி. உண்மையைச் சொன்னால், கூழைக் கெடுத்தவன் என்று ஊரே உதைக்கும். எத்திராஜ் தன் நிஜ விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"ஆத்தாவுக்குக் காணிக்கை," என்றான், சோர்ந்த குரலில்.

"இன்னா பக்தி! குந்து நைனா. இனிமே எப்ப வந்தாலும் உனக்கு இங்க சோறு கீது."

அன்று மடக்கிய விரலை அந்தப் பூந்தமல்லி வட்டாரத்தில் அவன் நீட்டவே இல்லை. நாலு விரலால் பிசைந்து தின்று முடிப்பதற்குள் மறுபடி பசித்துவிடும். அவன் செய்ததிலேயே பெரிய வித்தை அதுதான், கைதட்டத்தான் ஆளில்லை.