பவளக் கல்லில் குடியிருந்தவன்

என் நாத்தனார், தன் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு வாளியும் கொண்டுவந்தாள். பெட்டியில் துணி. வாளியில் உப்புத் தண்ணீர், அதற்குள் ஒரு கல், கல்லின் மேல் உள்ளங்கை அளவுக்குப் பவளம். நகையெல்லாம் எங்கே என்று கேட்டேன். அங்கேயே இருக்கிறது என்றாள். நகையை விட்டுவிட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு முப்பது வயது. இன்னும் வீட்டில் எல்லாருக்கும் பாப்பாதான். அந்தப் பவளத்தை நகத்தளவுத் துண்டிலிருந்து வளர்த்தாளாம். மூன்று நாள் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் என் கணவர் நான்கடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிவந்து டிவி இருந்த இடத்தில் வைத்தார். டிவி படுக்கையறைக்குப் போனது, அதோடு என் தூக்கமும். அவர் லிஃப்ட் மெக்கானிக். யாராவது அழுதால் எதையாவது பொருத்தித் தருவார். ஆறுதல் சொல்ல வராது. தொட்டிக்குள் காய்ந்த பாறைத் துண்டுகளை அடுக்கி, நடுவில் பாப்பாவின் கல்லை வைத்து, தண்ணீர் பக்குவமாக ஒரு மாதம் விட்டு, ஆறு மீன் வாங்கினோம்.

ஆறு, ஐந்தானது. செத்த மீன் மிதக்க வேண்டும். இது மிதக்கவுமில்லை, அடியில் கிடக்கவுமில்லை. பிறகு நான்கானது. நான் வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். எல்லாரும் என்றால் என் கணவரைத்தான். அவர் என்னைச் சந்தேகப்பட்டார். பினாயில் தொட்ட கையோடு தொட்டியைத் துடைத்தாயா என்று கேட்டார். பாப்பா யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது மீன் காணாமல்போன காலையில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"நான் கை வச்சா எதுவும் தங்காது அண்ணி. அங்கயும் இப்படித்தான்."

அது அவள் மாமியார் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த வீட்டுத் தொட்டியிலும் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின. ஒவ்வொன்றுக்கும் மாமியார் இவள் கையைத்தான் காட்டினார். அப்புறம் பால் திரிந்தாலும் அதே கை, மாமனார் வழுக்கி விழுந்தாலும் அதே கை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டார். தங்கமான மனுஷன் என்று பெயர். குடிக்கமாட்டார், அதட்டமாட்டார், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். முறைக்கு எனக்கு அண்ணன். ஒரு நாளும் வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான்காவது மீனும் போனது. பாப்பா மாப்பிள்ளைக்கு போன் செய்து, திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து கூட்டிப்போவதாக அவர் சொன்னார். எங்கே இருந்தாலும் இதே கதைதான், அங்கே இருந்தால் உங்களுக்காவது நிம்மதி என்றாள் எங்களிடம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, பயம்தான். இந்தப் பெண் மறுபடி அந்த வீட்டுக்குள் போனால் தன் கையைப் பார்த்தே பயந்து செத்துப்போவாள் என்று தோன்றியது.

தொட்டியில் அவ்வப்போது டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் என்றார் என் கணவர். பம்பை மாற்றினார். கீழே ரப்பர் வைத்தார். சத்தம் நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், லிஃப்டில் கோளாறு தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தார். பம்ப், ஃபில்டர், ஹீட்டர், விளக்கு. கடைசியில் வீட்டு மெயினையே அணைத்துவிட்டார். ஃபேன் இல்லாமல் வியர்வையில் குளித்தபடி இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். டக் என்றது.

"இது மெஷின் இல்ல," என்றார். "உள்ள ஆள் இருக்கான்."

மீன் வாங்கிய கடைக்காரருக்கு போன் செய்தோம். அவர் சத்தத்தைச் செய்துகாட்டச் சொன்னார். என் கணவர் நாக்கால் செய்துகாட்டினார். மான்டிஸ் இறால் என்றார் கடைக்காரர். விரல் நீளம்தான் இருக்கும், முன்கால் இரண்டும் சுத்தியல், நத்தை ஓட்டையே உடைத்துவிடும், மீன் கிடைத்தால் பொந்துக்குள் இழுத்துப்போய்த் தின்னும். கடலிலிருந்து எடுத்த கல்லோடுதான் வரும். எங்கள் தொட்டியில் கடல் கல் ஒன்றே ஒன்றுதான், பாப்பா கொண்டுவந்தது. கல்லை வெளியே எடுத்துப் பொந்துக்குள் சோடா விட்டால் மூச்சு முட்டி வெளியே வரும், விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

பவளத்துக்கு ஆகாது என்று பாப்பா தயங்கினாள். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக நரம்பு தேடிக் குத்துகிறவள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, ஞாயிறு காலை ஊசி இல்லாத சிரிஞ்சில் சோடாவை இழுத்தேன். பாப்பா வாளிக்கு மேல் கல்லைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் இடுக்கியோடு நின்றார்.

மாப்பிள்ளை ஐந்து நிமிடம் முன்பாகவே வந்துவிட்டார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பொந்திலிருந்து ஒரு புழு வந்தது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் இரண்டு மில்லி விட்டதும் நுரை கிளம்பியது. பச்சையாக ஒன்று, கண்ணை உருட்டிக்கொண்டு வாளிக்குள் விழுந்து, அதன் சுவரில் டக் என்று ஒரு அடி அடித்தது.

எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. பாப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கி, பார்த்தாயா, உன் கை இல்லை, இவன்தான் என்றேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இவனா? நல்லா வளந்துட்டானே."

பாப்பா வாளியிலிருந்து நிமிர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் பாப்பா.

போன வருஷமே பார்த்தாராம். ஒரு மீனை இழுத்துக்கொண்டு உள்ளே போனதைக்கூடப் பார்த்தாராம். அம்மாவிடம் சொன்னால் கல்லோடு தூக்கி எறியச் சொல்வார்கள், நீ ஆசையாக வளர்த்த பவளம் வீணாகிவிடும், வீட்டில் எதற்கு வீண் சண்டை என்று விட்டுவிட்டாராம். பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி அடக்கமாகச் சொன்னார்.

அதற்கப்புறம் எத்தனை மீன் போயிற்று என்று கேட்டாள். அவர் நேர்மையாக யோசித்து, ஏழோ எட்டோ இருக்கும் என்றார்.

பாப்பா கல்லைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, சமையலறையிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்று எடுத்துவந்தாள். அந்த ஜந்துவைத் தண்ணீரோடு கோரி அதில் விட்டாள். என் கணவர் மூடியில் காற்றுக்கு நான்கு ஓட்டை போட்டுக்கொடுத்தார். அவள் அதை அழுத்தி மூடி மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இவனக் கூட்டிட்டுப் போங்க. நான் வரல."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். திரும்பி வந்து பார்த்தேன். பாப்பா முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, பவளத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் என்று கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.