ஹரிநாராயணனுக்கு மட்டும்

ரத்த வங்கிகளுக்காகப் பத்துப் பேர் சேர்ந்து எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. அதில் இசக்கிசெல்வி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். முகவரி வரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கடவுச்சொல் இல்லாமலே, ரத்தம் கொடுத்தவரின் பெயரும் நோய்ப் பரிசோதனை முடிவும் திரையில் வந்து நிற்கும்.

திட்டத்தின் பொறுப்பாளர் ஹரிநாராயணன். "ஓட்டை தென்பட்டால் எனக்கு மட்டும் எழுதுங்கள்; அடைத்தபின் ஊருக்குச் சொல்லலாம்" என்று மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கே அவள் பதில் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது. குழுக்கடிதத்துக்குப் போடும் பதில் குழுவின் நானூறு பேருக்கும் போகும்.

கழக்கூட்டம் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி சுஜா எட்டிப் பார்த்தாள்.

"எந்தாடீ, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"நானூறு பேருக்குச் சாவியக் குடுத்துட்டேன்டி."

அதற்குள் ஒரு தானியங்கிப் பதில் வந்தது. முதல்முறை எழுதுபவரின் கடிதம், பொறுப்பாளர் பார்த்துக் குழுவுக்கு விடும்வரை காத்திருக்குமாம். இரண்டு வருஷமாகக் குழுவில் இருந்தும் அவள் வாய் திறந்ததில்லை.

"ஒன் கூச்சம் காப்பாத்திச்சு பாத்தியா! அவரு வாசிச்சுட்டுதானே விடுவாரு?"

"தலைப்புல 'வணக்கம்'னு மட்டும்தான் போட்டிருக்கேன். வாசிக்காமலே விட்டுருவாரு."

"பின்ன போன் பண்ணு."

முகம் தெரியாதவரிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அலுவலகப் போன் மேலாளர் மேசையில் இருந்தது. கடிதத்தின் அடியிலிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சாலையின் எதிர்ச்சாரியிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

"ஆரு பேசறது?"

"சார்... நான்... குழுவுல..."

"சத்தமாச் சொல்லும்மா. செத்த இரு, நாலு லெட்டர் தேங்கிக் கெடக்கு, விட்டுட்டு வந்துடறேன்."

"விடாதீங்க சார்!"

பூத்துக்காரர் தாசையன் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள்.

"'வணக்கம்'னு போட்டிருக்கற இசக்கிசெல்விங்கறது நீதானா? சரி, நிறுத்திட்டேன். உள்ள என்ன?"

"இங்க சொல்ல முடியாது சார். ஆளுக நிக்காங்க."

அவர் கடிதத்தைத் திறந்திருக்க வேண்டும். மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஈஸ்வரா" என்றார். "அடைக்கப் பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் மூச்சு விடாதே. வேற ஆரும் பாக்கலையே?"

"இல்ல சார்."

ரிசீவரை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கடிதத்தைத் திரையில் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சாலையின் குறுக்கே ஓடினாள்; லாரிக்காரன் திட்டியது காதில் விழவில்லை. படி ஏறி உள்ளே போனபோது, மானிட்டர் மேல் சுஜாவின் துப்பட்டா போர்த்திக் கிடந்தது. சுஜா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பாதி வாசிச்சதும் மூடிட்டேன், கேட்டியா" என்றாள்.