மொசைக் தரையில் ஒரு ஸ்க்ரூ

“இதக் கொஞ்சம் புடிங்கப்பா” என்று ஹரீஷ் சொன்னதும் ராஜ்மோகன் பிரசாதம் வாங்குகிறவரைப் போல இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார். உள்ளங்கையில் விழுந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ. கடுகைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். மூன்று நாளாக ஹாலில் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் மகன் அவரிடம் கொடுத்த முதல் வேலை அது.

நாளை மாலை ஹவுராவில் அவனுக்குத் திருச்சி வண்டி. அங்கே பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பையன் கேட்டது கேம் ஆடத் தோதான ஒரு கம்ப்யூட்டர். கடையில் முழுசாக வாங்கினால் கட்டுப்படியாகாது, சாமான்களை வாங்கி நானே சேர்த்துக்கொள்கிறேன் என்றான். ராஜ்மோகன் ஒரு தொகையைச் சொன்னார். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், சொன்னதிலிருந்து இம்மி நகரமாட்டார். பையனும் சளைக்கவில்லை. சாந்தினி மார்க்கெட்டில் கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட்டுகளை ஏறெடுத்தும் பார்க்காமல் மொட்டைக் கறுப்பில் ஒன்றை எடுத்தான். கிராபிக்ஸ் கார்டு டாலிகஞ்சில் யாரோ ஆடி அலுத்து விற்றது. மானிட்டர் வீட்டில் கிடந்த பழையது. கடைக்குக் கடை அவன் வங்காள மொழியில் பேரம் பேசியபோது ராஜ்மோகன் குடையும் கையுமாகப் பின்னால் நின்றார். நம் பையனுக்கு இவ்வளவு பேச வருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஹரீஷ் பேசாத பிள்ளை இல்லை. அவரிடம் பேசாத பிள்ளை. சாத்திய கதவுக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய லேப்டாப்பில் பள்ளித் தோழன் அர்க்கோவோடு விளையாடும்போது அவன் சிரிக்கிற சிரிப்பு தெருவரை கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் ராஜ்மோகன் தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து வருவார். மனைவி லதா இருந்தவரை தபால்காரி வேலை அவளுடையது. ‘அப்பா கேக்குறாரு, பரீட்சை எப்படியாம்’, ‘புள்ள சொல்றான், ஷூ கிழிஞ்சிருச்சாம்’ என்று சமையலறை வாசலில் நின்று இருவருக்கும் நடுவே செய்தி கொண்டுபோவாள். அவள் போய் நான்கு வருடமாயிற்று. அதன்பிறகு ‘சாப்டியா’, ‘ம்’ என்ற அளவில் வீடு ஓடியது. நாளையோடு அந்த ‘ம்’மும் இருக்காது. சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் அவரோடு தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. போவதற்குள் ஒரு தடவையாவது பையன் தன்னிடம் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஹரீஷ் சூயிங்கம் பட்டை அளவில் ஒன்றை மதர்போர்டில் சாய்வாகச் செருகினான். “எஸ்எஸ்டி. எல்லாமே இதுலதான் இருக்கும். அந்த ஸ்க்ரூ போட்டாதான் படுக்கும், இல்லன்னா தூக்கிக்கும்” என்றான். இத்தனை நீளமாகப் பேசிவிட்டானே என்ற ஆசையில் ராஜ்மோகன் எட்டிப் பார்த்தார். கை சாய்ந்தது. டிங் என்று ஒரு சத்தம், பிறகு எங்கோ உருளும் சத்தம்.

அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மொசைக் தரை. வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதில் ஒரு யானை தொலைந்தால்கூடக் கண்டுபிடிப்பது சிரமம்.

“ஐயோ, அப்பா!”

“பாக்காம விட்டுட்டேன்டா.”

“அது ஒண்ணுதான் குடுத்தாங்க.” அவன் திட்டவில்லை, பெருமூச்சுதான் விட்டான். “சரி, நீங்க ஜன்னல் பக்கம் பாருங்க. நான் சோபா அடியில பாக்குறேன்.”

இருவரும் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டார்கள். நடுப்பகலில், மூடிய மழை வெளிச்சத்தில், இரண்டு வட்ட ஒளிகள் தரையில் மெல்ல ஊர்ந்தன. சிறிது நேரத்திலேயே ராஜ்மோகனின் முழங்காலில் சுருக்கென்று குத்தியது. அசையாமல் இருந்தார். அதுவேதான். ‘கெடச்சிருச்சு’ என்று சொல்ல வாயைத் திறந்த அதே நேரம், சோபாவுக்கு அடியிலிருந்து ஹரீஷின் குரல் வந்தது.

“அப்பா, அங்க எல்லாரும் தமிழ்லயேதான பேசுவாங்க?”

“ஆமாடா. பின்ன?”

“எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும். அதுவும் பாதி. சிரிப்பாங்கல்ல?” முகம் தெரியவில்லை, கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. “அதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர். ரூம்ல யாரும் பேசலன்னாலும் ராத்திரி அர்க்கோ இருப்பான்ல.”

விளையாட்டுப் பைத்தியம் என்றல்லவா ராஜ்மோகன் இத்தனை நாள் நினைத்திருந்தார்! முழங்காலை எடுக்கவே இல்லை.

“நான் இங்க வந்த புதுசுல மீன் கடையில வாயே தொறக்க மாட்டேன். கையக் காட்டித்தான் வாங்குவேன்” என்றார்.

“இப்பவும் அப்படித்தான வாங்குறீங்க?” சோபா சிரித்தது. கதவுக்குப் பின்னால் கேட்கிற அதே சிரிப்பு, இப்போது அவருக்காக. “கடைக்காரன் உங்களை போபா மாமான்னுதான் சொல்வான். ஊமையாம்.”

“அடப்பாவி! நீ சொல்லவே இல்லையேடா?”

ராஜ்மோகன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக ஸ்க்ரூவைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டு, இல்லாத ஒன்றை ஜன்னல் ஓரமாக மும்முரமாகத் தேடினார். பையன் பேசிக்கொண்டே போனான். அம்மா வைத்த ரசத்தைப் பற்றி, லேக் கார்டன்ஸ் பக்கம் வீடு மாறிப் போன ஒரு பெண்ணைப் பற்றி, அம்மாவின் நகைகளை விட்டுவிட்டு அவளுடைய பழைய போனை மட்டும் தான் எடுத்து வைத்துக்கொண்டதைப் பற்றி. கடைசியாக, “நான் போனப்புறம் நீங்க யார்கூடப்பா பேசுவீங்க?” என்றான்.

“ஆபீஸ்ல ஆளா இல்ல?” என்றார் ராஜ்மோகன். ஆபீசில் அவர் பேசுவதெல்லாம் ஃபைலைப் பற்றித்தான் என்பது இருவருக்குமே தெரியும்.

கடைசியில் ஹரீஷ் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். எஸ்எஸ்டியை டேப் போட்டு ஒட்டினான். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது, பையன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஸ்க்ரூவை அப்போதே கொடுத்திருக்கலாம். எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பேசியதெல்லாம் ஏமாற்றி வாங்கியதாக அவனுக்குத் தோன்றிவிட்டால்? மறுநாள் ஹவுராவில், பெட்ஷீட் சுற்றிய கேபினெட்டை பெர்த்துக்குக் கீழே தள்ளும்போதும் அவர் கை சட்டைப் பையைத் தொட்டது. வண்டி நகர்ந்தது. ஜன்னலோடு நாலு எட்டு நடந்தார், “சாப்பிடு” என்றார், அதோடு சரி.

போன் வந்தது புதன்கிழமை மாலையில்.

“அப்பா, வண்டி ஆட்டத்துல எஸ்எஸ்டி கழண்டுருச்சு. ஆன் பண்ணா ஒண்ணுமே வரல. அழுகையே வந்துருச்சு.”

ராஜ்மோகனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. “அப்புறம்?”

“பக்கத்து ரூம்ல முத்துக்குமார்னு ஒருத்தன். ஸ்க்ரூ வேணும்னு கேட்டேன். என் தமிழக் கேட்டு அப்படிச் சிரிக்கிறான்! ஆனா ஒரு டப்பா நெறைய வச்சிருந்தான், அவனே வந்து போட்டும் குடுத்தான். இப்ப எல்லாரும் என் ரூம்லதான்.” பின்னால் ஒரே கூச்சல், தமிழில். யாரோ ‘ஹரீசு, ஒன் டர்ன்டா’ என்று கத்தினார்கள். “அப்புறம் கூப்பிடுறேன்ப்பா” என்று வைத்துவிட்டான்.

நல்லதுதான். ரொம்ப நல்லது. ராஜ்மோகன் இதையே இரண்டு முறை தனக்குச் சொல்லிக்கொண்டார். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாலில் கம்ப்யூட்டர் சாமான் வந்த அட்டைப் பெட்டிகள் இன்னும் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்த ஸ்க்ரூவை வெளியே எடுத்தார். இனி யாருக்கும் அது வேண்டியதில்லை. லதாவின் படத்துக்குக் கீழே வைக்கலாம் என்று உள்ளங்கையில் ஏந்தி நாலு அடி நடந்தார். கண்ணில் நீர் கோத்திருந்ததால் நாற்காலி தெரியவில்லை. இடித்துக்கொண்டார். டிங் என்று ஒரு சத்தம், பிறகு எங்கோ உருளும் சத்தம்.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். ராஜ்மோகன் போனில் டார்ச்சைப் போட்டார். “எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தியா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டு முட்டி போட்டார். ஒரு வட்ட ஒளி புள்ளித் தரையில் ஊர்ந்து ஜன்னல்வரை போயிற்று, திரும்பி வந்தது. சோபாவுக்கு அடியிலும் இந்தத் தடவை அவரே பார்க்க வேண்டியிருந்தது.