பச்சைக் கதவு

என் மனைவியைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்பார்கள். முப்பது வருடம் கன்டினியூட்டி பார்த்தவள். ஒரு காட்சியில் கதாநாயகன் இடது கையில் டம்ளர் பிடித்திருந்தால், மூன்று நாள் கழித்து அதன் மிச்சத்தை எடுக்கும்போதும் இடது கையில்தான் பிடிக்க வேண்டும், தண்ணீரும் அதே அளவு இருக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது அவள் வேலை. அந்தக் கண்ணை அவள் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. நான் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு என்ன பொய் சொன்னேன் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பாள். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது கேட்டால் நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுச் சொல்வேன்.

நானும் அதே கம்பெனியில்தான் லைட்மேன். சினிமா, தொடர், பாட்டு நிகழ்ச்சி எல்லாம் எடுக்கிற பெரிய கம்பெனி. அது பங்குச் சந்தைக்குப் போன வருடம், வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டு மறந்தே போனோம். தலைமை நிர்வாகியை நாற்காலியிலிருந்து இறக்க அது உதவும் என்று அன்றைக்கு யார் கண்டது?

இறக்கியே தீருவேன் என்று அவள் நின்றது தம்பிக்காக. என் மைத்துனன் கம்பெனியில் தச்சன். மூன்றாம் நம்பர் ஃப்ளோர் என்கிற படப்பிடிப்புக் கூடத்தில், விளக்குகளைத் தொங்கவிடும் மேல்பலகை ஒன்று படப்பிடிப்பு நடுவில் ஆட்டம் கண்டது. ஃப்ளோர் மேனேஜர் "ஏறிப் பாருப்பா" என்றார், ஏறினான். முன்பெல்லாம் இடுப்புப் பட்டை மாட்டிவிடவும் கீழே கயிறு பிடிக்கவும் இரண்டு பேர் இருப்பார்கள். தலைமை நிர்வாகி பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம் அந்த இரண்டு வேலையையும் எடுத்ததுதான். பலகையோடு சேர்ந்து அவனும் விழுந்தான். இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் நாலடி வைக்க மாட்டான்.

மறுநாள் தலைமை நிர்வாகி பத்திரிகைக்காரர்களிடம், "அனுமதி இல்லாமல் ஏறிய ஒரு ஊழியரின் அலட்சியம்" என்று சொன்னார். ஃப்ளோர் மேனேஜர் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு ஃப்ளோரில் இருந்த என் மனைவியின் நோட்டில், மேனேஜர் சொல்லித்தான் தச்சர் ஏறுகிறார் என்று நேரத்தோடு எழுதியிருந்தது. அதைக் கொண்டுபோய் நிர்வாக அலுவலகத்தில் நீட்டினாள். அக்கா தம்பிக்காக எழுதினது செல்லாது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். உடைந்த காலைவிட அந்தப் பழிதான் என் மைத்துனனை முடக்கிப் போட்டது. பதினான்கு மாதம் வாசற்படி தாண்டவில்லை. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவான்.

அப்போதுதான் பங்குதாரர்களில் ஒரு வக்கீலம்மா தலைமை நிர்வாகியை நீக்கச் சொல்லிச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்டுக் கிளம்பினார். படங்கள் வரிசையாகப் படுத்துவிட்டதில் பெரிய முதலீட்டாளர்கள் சிலருக்கும் எரிச்சல். எங்களைப் போன்ற சின்னப் பங்குதாரர்களின் வாக்குகளைத் திரட்டும் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். பழைய மேக்கப்காரர்கள், ஓட்டுநர்கள், சமையலறை ஆட்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் வாக்கை அவளிடம் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். நடுவில் ஒரு ஓய்வூதிய நிதியின் மேலாளர் அம்மா பெரிய பங்கை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் இருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் என் திறமையைக் காட்டினேன்.

துண்டுப் பிரசுரம் போடும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். லைட்மேன்கள் குரூப்பில் வந்த படம் ஒன்று என் போனில் கிடந்தது. தலைமை நிர்வாகி மூன்றாம் ஃப்ளோர் வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ரிப்பன் வெட்டுகிறார், சாய்வான மாலை வெளிச்சம். விபத்து நடந்த சாயங்காலமும் அதே வெளிச்சம்தான். எனக்கு எதுவும் வெளிச்சத்தை வைத்துத்தான் ஞாபகம் வரும், தேதியை வைத்து வராது. உடைந்த பலகையின் படத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, "அதே நாள் மாலை" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். அந்த ஆளின் மேல் எனக்கிருந்த கோபத்துக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கதவு பச்சையா இருக்கே."

"அதுக்கென்ன?"

"பலகை விழுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இது நீலம். புதுக் கதவைச் செஞ்சு மாட்டினதே என் தம்பிதான்." எழுந்து போய்ப் பழைய நோட்டைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினாள். மூன்றாம் ஃப்ளோர், கதவு புதுசு, நீலம். தேதி இருந்தது.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டோம். அவர் போனிலேயே கெஞ்சினார்.

"யார்ம்மா கதவோட கலரைப் பார்க்கப் போறாங்க? இப்ப போய் தப்புன்னு சொன்னா, மத்ததும் பொய்யான்னு கேப்பாங்க. உங்க தம்பியை நினைச்சுப் பாருங்க."

"அவனை நினைச்சுதான் சொல்றேன். அவன் மேல ஒருத்தர் பொய் சொன்னாருன்னுதான் நாம கிளம்பினோம். இப்ப நாமளும் ஒண்ணு சொல்லியிருக்கோம்."

"தெரியாம சொன்னதுதானே?"

"இப்ப தெரிஞ்சுபோச்சே."

நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டாள். போன் எடுக்காதவர்கள் வீட்டுக்கு நான் அவளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு: "அந்தப் படம் அன்னிக்கு எடுத்தது இல்லைங்க. எங்க தப்பு. இதுக்கு அப்புறமும் வாக்கு தர்றதும் தராததும் உங்க இஷ்டம்." பெயருக்கு நேராகச் சொன்ன நேரத்தையும் அவர்கள் சொன்ன பதிலையும் எழுதிக்கொண்டாள். இருபத்து மூன்று பேர் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு பழைய ஓட்டுநர் எங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. ஒரு வாசலிலும் "என் வீட்டுக்காரர் பண்ணின தப்பு" என்று சொல்லவில்லை. வீட்டில் டம்ளரை இடம் மாற்றி வைத்ததற்கே ஒரு மணி நேரம் பேசுகிறவள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூட்டம் காலையில் ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. மைத்துனன் வரவில்லை. தலைமை நிர்வாகி மேடையில் நிதானமாகப் பேசினார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து என் துண்டுப் பிரசுரத்தை எடுத்து விரித்தார்.

"இந்தக் கதவைப் பாருங்க. பச்சை. விபத்து நடந்தப்போ அங்க இருந்தது நீலக் கதவு. இந்தப் படம் அதுக்கு ரெண்டு மாசத்துக்கும் முன்னாடி எடுத்தது. என்னைப் பொய்யன்னு சொல்றவங்களோட லட்சணம் இது. யார் போட்டது இதை? எழுந்திருக்கட்டும்."

அரங்கம் சலசலத்தது. அவள் எழுந்திருக்கப் போனாள். அவள் தோளை அழுத்திவிட்டு நான் எழுந்தேன்.

"நான்தாங்க. லைட்மேன். தப்புதான்."

அதற்குள் அவள் மைக்குக்கு நடந்துவிட்டாள். கட்டின தொண்டையோடுதான் பேசினாள்.

"ஐயா சொல்றது சரி. அந்தப் படம் அன்னிக்கு எடுத்தது இல்லை. ஆறு நாளைக்கு முன்னாடி பார்த்தேன். வாங்கின நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் சொல்லிட்டோம். யார்கிட்ட எப்பச் சொன்னோம்னு இதுல இருக்கு. வாக்கைத் திரும்ப வாங்கிக்கிட்ட இருபத்து மூணு பேரும் இதுல இருக்காங்க." நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "எங்க தப்பைத் திருத்த எங்களுக்கு ஆறு நாள் ஆச்சு. என் தம்பி அனுமதி இல்லாம ஏறினான்னு நீங்க சொல்லிப் பதினாலு மாசம் ஆச்சு. நீங்க எப்ப திருத்தப் போறீங்க?"

தலைமை நிர்வாகி தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் இருந்த ஓய்வூதிய நிதி அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"விபத்து நடந்த அன்னிக்கு நீங்க எழுதின நோட்டு ஒண்ணு இருக்காமே. பார்க்கலாமா?"

அது பையில்தான் இருந்தது. அன்றைக்குச் சிரித்து அனுப்பியதிலிருந்து அவள் அதைப் பையைவிட்டு வெளியே வைத்ததே இல்லை. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், முந்தின பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் படித்தார்.

"தம்பிக்காக எழுதினதுன்னு என்கிட்ட சொன்னாங்க," என்றார். "தன் பக்கத்துத் தப்பையே இப்படி எழுதி வைக்கிறவங்க, யாருக்காகவும் மாத்தி எழுத மாட்டாங்க."

வாக்குச் சீட்டுகளை எண்ணி முடிக்க மதியமானது. தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். எல்லாரும் கை தட்டினார்கள், நான் விசிலே அடித்துவிட்டேன். அவள் மட்டும் உட்கார்ந்து பைக்குள் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பார்த்த முகம்தான், ஆனாலும் அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனியின் அறிக்கை பேப்பரில் வந்தது. அவள் தம்பிக்குப் படித்துக் காட்டினாள்: "அந்த ஊழியர் மேலாளர் சொன்னதன் பேரிலேயே ஏறினார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. முன்பு கூறியது பொய். அதற்கு வருந்துகிறோம்."

"இன்னொரு தடவை படிக்கா," என்றான்.

படித்தாள். மூன்றாம் தடவை அவனே வாங்கிப் படித்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா மாப்ள?" என்று நான் கை கொடுக்கப் போனேன்.

"டீக்கடை வரைக்கும் போய்ட்டு வரேன் மாமா."

"விடுங்க, அவனே போவான்," என்றாள் அவள்.

தெருமுனை திரும்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே வந்து நோட்டை எடுத்து எழுதினாள். தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். தம்பி, காலை பத்தேகால், வாசல் தாண்டினான், வலது கையில் பேப்பர், சட்டை நீலம் என்று எழுதியிருந்தாள்.

நீலம்தான். இந்த முறை நானும் பார்த்தேன்.