திமிங்கிலத்தின் வயிறு

"இது எங்க டீச்சர் போய் முடியும்?"

"வாசப்படிகிட்ட."

"அம்மாடி! அப்ப வாலு மட்டும் வெளிய கெடந்து வெயில் காயுமா?"

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிரித்தார்கள். அமிர்தவல்லி டீச்சர் நிமிரவில்லை. கூடத்துத் தரையில் குனிந்தபடியே சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு போனார். தலை ஜன்னல் பக்கம், வயிறு நடுக்கூடம், வால் வாசற்படி. திருச்சியில் நடக்கப்போகும் மாவட்டக் கண்காட்சிக்கு அரியலூரிலிருந்து ஒரு திமிங்கிலம் போக வேண்டும். முழுக்க அட்டையில்.

"ஏன் டீச்சர் திமிங்கிலம்? யானை செஞ்சா எல்லாருக்கும் தெரியும்ல?" என்றாள் ராசாத்தி.

"சுண்ணாம்புக்கல் குழியிலேர்ந்து கிளிஞ்சல் கல்லாப் பொறுக்கிட்டு வரீங்களே, அந்தக் கிளிஞ்சல் அங்க எப்படி வந்துச்சு? ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுடி. இப்ப நீ நிக்கிற எடத்துல உன் தலைக்கு மேல தண்ணி."

"இப்பக் கொடத்துல புடிக்கவே தண்ணியக் காணோம் டீச்சர்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எழுபத்தைந்தாம் வருடம் அது. முந்தின இரண்டு மழையும் பொய்த்திருந்தன. பொங்கலுக்கு ஊரில் பாதி வீடுகளில் புதுப்பானை ஏறவில்லை.

கடைத்தெருவில் சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, மருந்துப் பெட்டி என்று கேட்டு வாங்கி, பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். மூங்கில் சிம்பை வளைத்துச் சணலால் கட்டி விலா எலும்புகள் நின்றன. லாரியில் ஏற்ற வேண்டும் என்பதால் தலை, வயிறு, வால் என்று மூன்று துண்டுகள்.

"மடிக்கிற எடத்துல கத்தியால லேசாக் கீறணும். அறுத்துடக் கூடாது. கீறுனா வளையும், அறுத்தா தொங்கும்," என்று டீச்சர் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக் காட்டினார். விலாவின் மேல் அட்டை, அட்டையின் மேல் பசையில் நனைத்த செய்தித்தாள். அது காய்ந்ததும் இன்னொரு படை. வெளியே மட்டும் ஒட்டினால் காயும்போது வயிறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. உள்ளேயும் ஒட்ட வேண்டும்.

"யாரு உள்ள போறது?"

"செங்கமலம் போவட்டும் டீச்சர். அவதான் அட்டை மாதிரியே இருக்கா. உள்ள போனா வித்தியாசமே தெரியாது."

செங்கமலம் பாவாடையைச் செருகிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனாள். பின்னாலேயே ஒரு சட்டிப் பசையைத் தள்ளிவிட்டார்கள்.

பசை காய்ச்சுவது பியூன் வைரக்கண்ணுவின் வேலை. பள்ளிக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, மைதா மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவார்.

"ஊரே ரேஷன் கடையில நிக்குது. நாம மாவக் காய்ச்சி மீனுக்குப் பூசுறோம்," என்றார்.

"மீனில்ல வைரக்கண்ணு. திமிங்கிலம்."

"எதுவா இருந்தா என்னங்க டீச்சரம்மா. அது திங்குது."

வயிற்றுக்குள் இருட்டில்லை. பெட்டிகளின் இணைப்பு வழியே கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. செங்கமலம் முதல் நாள் ஒரு விரலை வாயில் வைத்தாள். உப்பில்லை. ஆனால் சூடாக இருந்தது, மாவாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் தின்னவில்லை. தினமும் காலியாகவே கொண்டுவந்து காலியாகவே கொண்டுபோகும் தன் டிபன் டப்பாவை மறுநாள் வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் அப்பா அறுப்பு வேலைக்கென்று தஞ்சாவூர்ப் பக்கம் போனவர், தகவலே இல்லை. அம்மா செல்வம்மாள் சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்துவிட்டு விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அதுவரை நாலு வயதுத் தம்பி தர்மனுக்குச் செங்கமலம்தான். பசையைச் சட்டியில் போட்டு, உப்பும் கிள்ளிப்போட்ட மிளகாயும் சேர்த்துக் கிண்டினால் களி மாதிரி திரண்டு வந்தது.

"அக்கா, மாவு கொண்டாந்தியா?"

"கத்தாத. அம்மாகிட்ட சொன்னியோ, அப்புறம் கெடையாது."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு இது புடிக்காது."

செல்வம்மாளுக்குத் தெரிந்தால் அடி விழும். பள்ளிக்கூடத்தில் திருடிய பசையைத் தின்றார்கள் என்று தெருவில் பேச்சு வரும். அதற்குப் பட்டினியே மேல் என்று சொல்கிறவள் அவள்.

ஒரு நாள் காலையில் வைரக்கண்ணு கூடத்தைத் திறந்ததும் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க. வாலப் பூரா எலி கொறிச்சுப்புடுச்சு."

வாலின் ஓரம் கந்தலாகத் தொங்கியது. அட்டையை எலி விட்டுவிட்டது. பசை இருந்த இடத்தைத்தான் சுரண்டித் தின்றிருந்தது.

"பசையும் கொறையுதுங்க. நான் காய்ச்சிக் குடுக்கிறது ஒரு அளவு, இங்க ஒட்டியிருக்கிறது ஒரு அளவு."

"எலி சட்டியையா தூக்கிட்டுப் போவும்?"

"பஞ்சத்துல எலிக்கும் வயிறு பெருசாயிடும்ங்க."

கண்காட்சிக்கு அதிக நாள் இல்லை. டீச்சர் வாலைத் தடவிப் பார்த்தார். "பைண்டிங் கடையில பசையில மயில்துத்தம்னு ஒரு நீல உப்பு போடுவாங்க. கரப்பான், எலி ஒண்ணும் வாய வைக்காது. நாமளும் அதப் போட்டுடுவோம்."

"வெஷமாச்சேங்க?"

"பொண்ணுங்ககிட்ட நான் சொல்லிடுறேன். கை கழுவாம எதையும் தொடக் கூடாதுன்னு."

"கொஞ்சமாப் போட்டாப் போதுமா?"

"தாராளமாவே போடுவோம். இனிமே ஒரு கடி கடிச்சாலும் நமக்கு வேலை திரும்பவும் மொதல்லேர்ந்துதான்."

மறுநாள் முதல் மணியில் டீச்சர் சொன்னார். ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். "பசையில என்ன இருக்கு?" என்று கேட்டு, "வெஷம் டீச்சர்" என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தார். செங்கமலம் அப்போது வெளிக்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கிணற்றடி வரிசையில் நின்று குடம் நிரப்பிவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. தாமதமாக வந்தால் முதல் மணி முடியும்வரை கதவருகே நிற்க வேண்டும், அதுதான் சட்டம்.

மணி அடித்ததும் ஓடிவந்து வழக்கம்போல வயிற்றுக்குள் புகுந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"ராசாத்தி, பசை ஏன்டி நீலமா இருக்கு?"

ராசாத்தி வெளிப்பக்கம் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரிந்தது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"கடல்ல கெடக்குறதுல்ல? அதான் நீலம்."

"நெசமாவா?"

"பின்ன? நீ வெளிய வரும்போது நீயும் நீலமாத்தான் வருவ. உங்காத்தாளுக்கே அடையாளம் தெரியாது, போ."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. செங்கமலம் சிரித்து அன்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் தர்மன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான்.

"கசக்குதுக்கா."

"அடி புடிச்சிருக்கும். முழுங்கு."

"வேணாம்."

"வேணாமா? அப்ப நாளைக்குக் கெடையாது. பாத்துக்க."

அவள் விரலில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தாள். ஒரு மாதிரியாக இருந்தது. தீய்ந்துதான் போயிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உப்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்தாள். தர்மன் கண்ணில் தண்ணீர் வர வர விழுங்கினான். நாளைக்குக் கிடையாது என்பது அவனுக்குப் பெரிய பயம்.

செல்வம்மாள் வீட்டுக்குள் நுழையும்போது அவன் வாசலில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கூடையைப் போட்டுவிட்டு அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். செங்கமலம் பின்னாலேயே ஓடினாள்.

"என்னம்மா குடுத்தீங்க புள்ளைக்கு?" என்று டாக்டர் கேட்டார். வெளியூர்க்காரர், சின்ன வயது.

"ஒண்ணும் குடுக்கலிங்களே. குடுக்க வூட்டுல என்ன இருக்கு?"

"வாந்தி நெறத்தப் பாருங்க. சாயம், பூச்சி மருந்து ஏதாவது எடுத்துக் குடிச்சானா?"

"சாயத்துக்கு நாங்க எங்கிங்க போவோம்? பூச்சி மருந்தடிக்கப் பயிரு ஏதுங்க?"

டாக்டர் செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "நீதானே பாப்பா கூட இருந்த? என்ன சாப்ட்டான்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாளும் அதைத்தானே தின்றான், ஒன்றும் ஆகவில்லையே. அதனால் இருக்காது. சொன்னால் அம்மா இங்கேயே அடிப்பாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் திருடி என்பார்கள்.

"காலையில கூழு குடிச்சான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லிங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"கூழுதாங்க."

வாந்திபேதிக்குக் கொடுப்பதைக் கொடுத்தார்கள். கையில் ஊசி குத்திப் பாட்டில் மாட்டினார்கள். தர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கொஞ்ச நேரத்துக்கு அக்காவைக் கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

காலையில் கூடத்தில் திமிங்கிலத்துக்கு வண்ணம் பூசத் தொடங்கியிருந்தார்கள். செங்கமலத்தின் தெருவைத் தாண்டி வருகிற ராசாத்திதான் செய்தி கொண்டுவந்தாள்.

"செங்கமலம் இன்னிக்கு வரமாட்டா டீச்சர். தம்பிக்கு வாந்தியாம், ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. வாசப் பூரா நீலமாக் கெடக்குன்னு எல்லாரும் பாக்குறாங்க."

"என்னவா கெடக்குன்னு?"

"நீலமா டீச்சர். பச்சையும் நீலமுமா."

அமிர்தவல்லி டீச்சர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அது எப்போது கையிலிருந்து விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கடைத்தெருவில் பெயிண்ட் அப்பிய கையோடு ஒரு டீச்சர் ஓடுவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

"டாக்டர், மயில்துத்தம். பசையில கலந்திருந்தேன். நான்தான் கலந்தேன்."

"எப்போ?"

"நேத்துக் காலையில."

"எவ்வளவு?"

டீச்சர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். "நேத்தே தெரிஞ்சிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டபடி உள்ளே போனார்.

செங்கமலம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"உள்ள உக்காந்து பசையத் தின்னியாடி?"

"நான் திங்கல டீச்சர். மொத நாளு மட்டும் ஒரு வெரலு."

"எலின்னு நெனச்சேன்டி. எலி திங்குதுன்னு நெனச்சுத்தான்..."

"எலியும் தின்னுச்சு டீச்சர். வாலு நான் கடிக்கல."

மத்தியானத்துக்கு முன்னால் தர்மன் போய்விட்டான்.

வைரக்கண்ணு வந்தார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொல்லியனுப்புனாங்க. லாரி நாளைக்கு வருதாம். வாந்திபேதின்னே இருக்கட்டும், நீங்க ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம்னு..."

"டாக்டர்கிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்னு போய்ச் சொல்லு."

"வேலை போயிடும்ங்க."

"போவட்டும்."

"கிண்டுனது நானுங்க டீச்சரம்மா."

"போ வைரக்கண்ணு."

வேப்பமரத்தடியில் செல்வம்மாள் மகனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் அவன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்று, "என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்கம்மா," என்றார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நீங்க தள்ளி நில்லுங்க. எம்மவகிட்டப் பேசணும்," என்றாள்.

செங்கமலம் கைக்கெட்டாத தூரத்தில் நின்றாள்.

"இங்க வா. அடிக்க மாட்டேன். எத்தன நாளாக் குடுத்த?"

"பொங்கலு முடிஞ்சதுலேர்ந்து."

"தெனமுமா?"

"பசை காய்ச்சுற அன்னிக்கெல்லாம்."

"என்னன்னு சொல்லிக் குடுத்த?"

"மாவுன்னு."

"வாங்கித் தின்னானா?"

"ம். நான் வர்றப்பத் தெருமுக்குல வந்து நிப்பான்."

"வயிறு ரொம்பத் தின்னானா?"

"ரொம்பும்மா. ஏப்பம் விடுவான். இன்னொருக்கா விடு பாப்போம்னு சொல்லிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம்."

செல்வம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். பிள்ளையின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அதானா," என்றாள். "அதான் ராவுல சோறு கேட்டு அழுவாமத் தூங்குனானா. நான் அவனுக்குப் பட்டினி பழகிப்போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."