குப்பை வாளிப் பரீட்சை

ஞாயிறு மதியம் வந்த அண்ணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குப்பை வாளியின் மூடியைத் திறந்தார்.

அண்ணி என் மனைவியின் அக்கா. ஆறு வருடம் நான் ராத்திரி வேலை பார்த்த உணவுக் கிடங்கின் மேற்பார்வையாளரும் அவர்தான். தூக்கம் கெட்டு, மனம் கெட்டு, போன மாதம் வேலையை விட்டேன். வீட்டுச் சமையலை நான் பார்க்கிறேன் என்றதும் அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு கெடு வைத்தார்கள். ஒரு மாதம். அதற்குப் பிறகும் சாப்பாடு குப்பைக்குப் போனால் நான் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். இன்று கடைசி நாள்.

வாளியில் வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, நாலு முட்டை ஓடு. அண்ணி குனிந்து முகர்ந்தார்.

"ம்."

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. மனைவி புத்தகம் பைண்டிங் செய்பவள். களைத்து வந்து, வாங்கிய புதுக் காயைப் பழையதற்கு முன்னால் திணிப்பாள். பின்னால் கேரட்டுக்குத் தாடி முளைக்கும். தினமும் ஒரு குப்பைப் பை ஒழுக ஒழுகக் கீழே போகும். கிடங்கில் பழையது முன்னால், புதியது பின்னால், ஒவ்வொன்றிலும் தேதி. தேதி இல்லாத பெட்டியை அன்றே தீர்த்துவிட வேண்டும். அதையே பிரிட்ஜில் செய்தேன். பை வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. பிரிட்ஜின் பின்சுவர் வெள்ளை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

இன்றைய சமையலில் துவண்ட கேரட், அரை முட்டைக்கோஸ், முந்தாநாள் உருளைக்கிழங்கு எல்லாம் சூப்பானது. அண்ணி இரண்டாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பால் ஊத்துனியா? வழவழன்னு இறங்குதே."

"இல்லண்ணி. பிரிட்ஜ்ல வெள்ளையா ஒரு பெட்டி இருந்துச்சு. நக்கிப் பாத்தேன், மாவுதான். தேதி இல்ல, அதான் தீத்துட்டேன்."

மனைவியின் கரண்டி நின்றது.

"ஐயோ, அது என் பசைங்க! காலைல காய்ச்சி வச்சேன். நாளைக்கு நாப்பது புத்தகத்துக்கு அட்டை ஒட்டணும்!"

என் ஒரு மாதம் அந்தக் கிண்ணத்தில் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெல்லப் பிரித்துப் பார்த்தார். "அதான் இப்படிப் பிடிக்குதா? பசைல வேற என்னடி போட்ட?"

"மாவும் தண்ணியுந்தான்."

"அப்ப இன்னொரு கரண்டி ஊத்து."

மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நாப்பது புத்தகத்தை வயித்துல ஒட்டிட்டாரு!" எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் பகலில் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை.

"அப்ப நாளைக்கு நான் கிடங்குக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கிடங்கு கிடக்கட்டும், முதல்ல அவ பசையக் காய்ச்சு" என்றார் அண்ணி.

மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று, "கட்டி விழாமப் பாத்துக்கங்க" என்றாள். வெள்ளையாகக் குமிழிகள் எழுந்து உடைந்தன. அண்ணி எழுந்து வந்து, உப்பு டப்பாவை எடுத்து, என் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தார்.