மருதடி வட்டைக்கு விழுந்த கைதட்டு

"உன்ட வட்டை எப்பகா உன்ட கைக்கு வரும்?" என்று மாமி ஆச்சிப்பிள்ளை ஒருநாள் கண்ணகையிடம் கேட்டாள். நெல் புடைத்துக்கொண்டே, முகம் பாராமல் கேட்டாள். கண்ணகை சிந்திய நெல்லைப் பொறுக்கினாள். அவளுக்கு வாய் எப்போதும் பிந்தித்தான் திறக்கும். மாமியைக் குறை சொல்லவும் முடியாது. மட்டக்களப்பு ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரையில் வீட்டு வளவும் வயலும் பெண்ணோடு போகிறவை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து அவளுடைய வயலைச் செய்வான். வயலில்லாத வீட்டுக்கு எந்தத் தாய் மகனை அனுப்புவாள்?

பழுகாமத்து மருதடி வட்டை என்ற நெல்வயல், கண்ணகையின் தாய் சீதேவிக்கு அவளுடைய தாய்வழியில் வந்தது. அடுத்தது கண்ணகைக்கு. அண்ணன் அழகரத்தினம் கொழும்பு யூனிவர்சிற்றிக் கொலிச்சுக்கு எடுபட்டபோது செலவுக்கு அதைத்தான் ஊர்ப் பெரிய நிலக்காரரான ஒரு போடியாருக்கு விற்றார்கள். மிஷன் பள்ளியில் இங்கிலீசு படித்துக்கொண்டிருந்த கண்ணகையும் அந்த ஆண்டோடு நின்றாள். "உத்தியோகம் கிடைச்ச மறுகா உன்ட வட்டைய மீட்டுத்தாறன் தங்கச்சி," என்று தோணியில் ஏறும்போது அண்ணன் சொன்னான். மாமியின் மகன் இராசதுரையும் பக்கத்தில் நின்று கேட்டான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் தாய் பார்த்த வேறு சம்பந்தங்களுக்குத் தலையாட்டாமல் இருந்தான்.

இந்த மாரிக்கு முன், உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட அண்ணன் போடியாரிடமிருந்து வட்டையை வாங்கிவிட்டான் என்று ஊரில் கதை வந்தது. பிறகு, மட்டக்களப்பில் அவன் படித்த கல்லூரி, பேரெடுத்த பழைய மாணவரையும் உதவி செய்தவர்களையும் கௌரவிக்கிற விழாவுக்கு வரச்சொல்லி அவன் வீட்டுக்கு ஆளனுப்பினான். சபை நடுவில் வைத்து வட்டையைத் தங்கச்சிக்குத் தரப்போகிறான் என்று சீதேவி முடிவே கட்டிவிட்டாள். அம்மன் கோயிலில் விளக்கு வைத்த கையோடு தோணியேறினாள். துடுப்பு வலித்தவன் இராசதுரை.

"மருதடிக்கு முதல் விதைப்பு என்ன நெல்லு போடலாம் மாமி?" என்று நடு ஆற்றில் கேட்டான்.

"வயல்காரியிட்டக் கேளன்," என்று சீதேவி சிரித்தாள். கண்ணகை தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள். அவள் முகம் சுட்டது.

பட்டினத்தில் துடுப்பைத் தோணியில் விட்டால் திரும்பிவரும்போது இராது என்று இராசதுரை அதைத் தோளில் தூக்கிவந்தான். கல்லூரி மண்டபத்தில், பெண்கள் பக்கம் கடைசி வாங்குப் பலகையில் தாயும் மகளும் இருந்தார்கள். அவன் வெளி விறாந்தையில், கண்ணகைக்குப் பக்கத்து யன்னலடியில் நின்றான். மேடையில் மாலைகள் மணத்தன. கோட்டுப் போட்ட கனவான்கள் ஒவ்வொருவராய் எழுந்தார்கள். அண்ணனுக்குக் கழுத்து நிறைய மாலை. சீதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அண்ணன் இங்கிலீசில்தான் பேசினான். மறந்துபோன சொற்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டு கண்ணகை பின்னே போனாள். மருதடி வட்டை என்று அவன் சொன்னதும் சீதேவி நிமிர்ந்தாள். என்னைப் படிக்கவைத்தது அந்த நிலம், என்றான் அண்ணன். அதன் விளைச்சல் இனி இந்தக் கல்லூரி விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறாகட்டும். வட்டையின் உறுதிப் பத்திரத்தைக் கல்லூரி அதிபரிடம் கொடுத்துவிட்டேன். சொல்லிவிட்டு அவன் கைகூப்பினான். பொய்யில்லை, உண்மையான மனதோடுதான் சொன்னான். பெண்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் செய்தான். தோணியடியில் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை என்று அந்தச் சிரிப்பில் கண்ணகை கண்டாள். மண்டபம் எழுந்து கைதட்டியது.

"என்னகா சொல்றான்? நம்மட வட்டையத்தானே?" என்று சீதேவி அவள் தொடையைப் பிடித்து உலுப்பினாள்.

கண்ணகை தாயைப் பார்த்தாள். தாயின் முகம் விளக்குப்போல் இருந்தது. வீடு போய்ச் சேரும்வரையாவது அது எரியட்டும்.

"ஓம் அம்மா. நம்மட வட்டையத்தான்."

சீதேவி எழுந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

கண்ணகை யன்னலுக்குத் திரும்பினாள். இராசதுரையும் அதே கல்லூரியில் சில வகுப்புப் படித்தவன். அவனுக்கு யாரும் பெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. துடுப்பை யன்னலோரம், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், மெல்லச் சாத்தினான். சால்வையை உதறித் தோளில் போட்டான். படியிறங்கி, தோணி கட்டியிருந்த பக்கம் போகாமல், கடைத்தெருப் பக்கமாய்ப் போனான். திரும்பித் தோணி வலிக்க இனி அவன் வரமாட்டான் என்று கண்ணகைக்கு விளங்கியது.

உள்ளே கைதட்டு இன்னும் ஓயவில்லை. துடுப்பின் நுனியில் பழுகாமத்துச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.